மருந்து எடுக்கும் முன் எறும்பின் மீசையை எண்ணுங்கள்

கேள்வி: எங்களுக்கு 2 ஏக்கர் மாந்தோப்பு. மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு பல வருடமாக இருக்கிறது. இந்த வருடம் மரத்தடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு எறும்பு புதிதாக வந்திருக்கிறது. கால் வைத்தால் கோணல்மாணலாக ஓடுகிறது. இரண்டும் ஒன்றுதான், கரந்தமலைப் பக்கம் ஆடு மாடுகளின் கண்ணைக் கெடுத்ததும் இதுதான் என்று ஊரில் சொல்கிறார்கள். பூ எடுக்கும் நேரம். கொட்டகையில் 6 ஆடுகள் உள்ளன. மரத்துக்கும் தரைக்கும் சேர்த்து ஒரே மருந்தாக அடித்துவிடலாமா?
— திண்டுக்கல் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: அடிக்க வேண்டாம். மரத்தில் அடிக்கவே வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும் பங்கு ஈக்களுக்கு உண்டு. பூ நேரத்தில் மரம் முழுக்க நஞ்சு தெளித்தால் எறும்பு சாகிறதோ இல்லையோ, காய்ப்பிடிப்பு குறையும். அதைவிட முக்கியமான காரணம், அந்தத் தோப்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வேறு எறும்புகள். ஒன்று தோப்புக்குக் காவல்காரன், மற்றது அந்நியன். இரண்டையும் பிரித்துச் சொல்லும் அடையாளம் நிறத்தில் இல்லை. தலையில் ஆடிக்கொண்டே இருக்கும் அந்த இரண்டு மீசைகளில், அதாவது உணர்கொம்புகளில் இருக்கிறது.

எறும்பின் உணர்கொம்பு நடுவில் முழங்கை போல மடங்கும். தலையோடு சேர்ந்திருக்கும் முதல் கணு ஒரே நீளத் துண்டு. மடக்குக்கு அப்பால் சிறுசிறு கணுக்கள் மணி கோத்ததுபோல வரிசையாக இருக்கும். வேலைக்கார எறும்பில் இந்தக் கணுக்களின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் ஏறக்குறைய நிலையானது. இலைக்கூடு கட்டும் முசுறு எறும்புக்கு, முதல் நீளத் துண்டையும் சேர்த்து எண்ணினால், 12 கணுக்கள். பத்திரிகைகள் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்று எழுதும் அந்த அந்நிய எறும்புக்கு 11. வீட்டுத் திண்ணையில் கன்னாபின்னாவென்று ஓடும் கறுப்பு எறும்பு ஒன்று உண்டு, அதற்கும் மீசை மிக நீளம், ஓட்டமும் அதே கிறுக்கு ஓட்டம். ஆனால் அதற்கு 12. கட்டெறும்புக்கும் 12. இந்த நான்கும் ஒரே உட்குடும்பம். இடுப்பில் ஒரே முடிச்சு, கொடுக்கு கிடையாது, ஆத்திரம் வந்தால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். உடலில் இவ்வளவு ஒற்றுமை இருக்கும் உறவுக்குள் 11 கணு என்ற ஒரு கணக்கு அந்நியனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

காய்கறித் தோட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் கைகொடுக்கும். கத்தரி, வெண்டைப் பாத்தியில் கொட்டும் சிவப்பு நெருப்பெறும்பு, விதைத்த விதையைத் தூக்கிக்கொண்டு போகும், இளஞ்செடியின் தண்டை மண்மட்டத்தில் கடித்து வைக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்து நம்மூர் எறும்பாகவே ஆகிவிட்டது. அதே பாத்தியில் பெருந்தலை எறும்பும் இருக்கும். இரண்டு கூட்டத்திலும் சிறிய வேலைக்காரிகளோடு பெரிய தலை கொண்டவை கலந்து திரிவதால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். உணர்கொம்பைப் பார்த்தால் நெருப்பெறும்புக்கு 10 கணுக்கள், கடைசி இரண்டு மட்டும் பருத்துக் கதாயுதம்போல இருக்கும். பெருந்தலை எறும்புக்கு 12, பருத்த கணுக்கள் மூன்று. பெருந்தலை எறும்பு பூச்சி முட்டையையும் புழுவையும் தின்பது. கொட்டி வருத்தும் கொடுக்கு அதற்கு இல்லை. அதை அழித்தால் காலியான இடத்துக்கு நெருப்பெறும்பு வந்து உட்காரும். கடையில் எறும்பு மருந்து என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பொட்டலத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

எண்ணுவதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வேண்டும். நெருப்பெறும்பின் பருத்த முனை அதில் நன்றாகத் தெரியும். 4 மில்லிமீட்டர் மஞ்சள் எறும்பின் 11 கணுவை எண்ணுவது கண்ணுக்குக் கொஞ்சம் சிரமம்தான். பிள்ளைகள் செல்போனில் மாட்டும் கிளிப் லென்ஸில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் சுலபம். உயிருள்ள எறும்பு நிற்காது. சிறு புட்டியில் பிடித்து ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் சிறிது நேரம் வைத்து, வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்கலாம். சிறகு முளைத்தவற்றை எண்ணக் கூடாது. ஆண் எறும்புக்குப் பெரும்பாலும் ஒரு கணு கூடுதலாக இருக்கும், கணக்கு குழம்பிவிடும்.

கணுவின் எண்ணிக்கை வெளி அடையாளம்தான். அந்தக் கணுக்களின் மேல் என்ன இருக்கிறது என்பதில்தான் எறும்பின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உணர்கொம்பு முழுக்க மயிரும் முளையும் குழியும். வளைந்த மயிர்கள், நேர் மயிர்கள், மொட்டையான குட்டை முளைகள், தோலுக்குள் பதிந்த குழிகள் எனப் பல வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. தென்னமெரிக்காவின் இலைவெட்டி எறும்புகளில் ஒருவகைக் குழி வெப்பத்தை உணர்கிறது, இன்னொருவகை காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கிறது. மண்ணுக்கடியில் பூஞ்சைத் தோட்டம் வைத்துப் பிழைக்கும் எறும்புக்குக் கூட்டில் காற்று கெட்டதா என்று தெரிவது உயிர் விஷயம்.

குட்டை முளைக்குள்தான் ஆச்சரியம். சாதாரணமாகப் பூச்சியின் ஒரு வாசனை மயிருக்குள் இரண்டு, மூன்று, நான்கு நரம்பணுக்கள் இருக்கும். ஜப்பானியக் கட்டெறும்பின் ஒரு குட்டை முளைக்குள் நூற்றுக்கும் மேல். 2005-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், அந்த முளைதான் எதிரே வருவது தன் கூட்டுக்காரியா வேற்றுக்கூட்டுக்காரியா என்பதைச் சொல்கிறது என்று காட்டினார்கள். எறும்பின் உடல்மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு உண்டு, அதன் கலவை கூட்டுக்குக் கூடு மாறும். மீசையால் தடவிப் பார்க்கும்போது அந்தக் கலவையைத்தான் படிக்கிறது. கூட்டுக்குக் காவல் நிற்காத ஆண் எறும்புக்கு அந்த முளையே கிடையாது.

இந்த அமைப்பு உறவுக்கார இனங்களுக்குள் மாறுகிறது, ஒரே கூட்டுக்குள்ளும் மாறுகிறது. முசுறையே எடுத்துக்கொண்டால், பெரிய வேலைக்காரிகள் வெளியே போய் இரை தேடும், சிறியவை கூட்டுக்குள் குஞ்சுகளைப் பார்க்கும். கர்நாடக ஆய்வாளர்கள் 2011-ல் இவற்றின் உணர்கொம்பையும் வாயுறுப்பையும் ஆராய்ந்து, உணர்மயிர்களின் அமைப்பு வேலைக்குத் தக்கபடி வேறுபடுவதை வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பெங்களூரு விஞ்ஞானிகள் நம் ஊர்க் கட்டெறும்பையும், வயிற்றில் தங்கப்பொடி தூவியதுபோல் மினுங்கும் அதன் உறவுக்காரியையும் எடுத்து, மூளையில் வாசனைக்கான பகுதியை ஒப்பிட்டார்கள். ஆணுக்கும் ராணிக்கும் வேலைக்காரிக்கும் இடையே அங்கேயும் வேறுபாடு இருந்தது. இந்த இரண்டு கட்டெறும்புகளும் மீசையைப் பயன்படுத்தும் விதம் வரப்பில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியது. சாதாரணக் கட்டெறும்பு தரையில் வாசனைக் கோடு போட்டுக் கூட்டத்தை வரிசையாகக் கூட்டிப்போகும். தங்க வயிற்றுக்காரி ஒரே ஒருத்தியை மட்டும் அழைத்துப் போவாள். பின்னால் வருபவள் மீசையால் முன்னால் போகிறவளின் பின்காலையும் வயிற்றையும் தட்டிக்கொண்டே வரவேண்டும். தட்டுவது நின்றால் முன்னவள் நின்று காத்திருப்பாள். தாய் விரலைப் பிடித்து நடக்கும் பிள்ளை கையை விட்டால் தாய் திரும்பிப் பார்ப்பது போலத்தான்.

மீசையில் வாசனை தெரியாவிட்டால் எறும்பு என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தாவும் எறும்பில், வாசனை உணர்வுக்கு ஆதாரமான ஒரு மரபணுவை 2017-ல் அமெரிக்காவில் செயலிழக்கச் செய்தார்கள். அந்த எறும்புகள் கூட்டுக்குள் தங்காமல் வெளியே திரிந்தன, இரை பிடிக்கத் தெரியவில்லை. பழ ஈயின் உடலில் வாசனை பிடிக்கும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் சுமார் 60, தேனீயில் 170 அளவில். தாவும் எறும்பிலும் கட்டெறும்பு இனத்திலும் 350-க்கு மேல். எறும்பு கண்ணால் பார்ப்பதைவிட மூக்கால் பார்ப்பது அதிகம்.

இனி மாந்தோப்புக்கு வரலாம். முசுறு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு கூட்டம் பல மரங்களில் பரவியிருக்கும், அதன் எல்லை தாண்டிய மரத்திலிருந்து ஒரு முசுறைக் குச்சியில் எடுத்து இங்கே விட்டால், மீசை பட்ட மறுகணம் நாலு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுப்பார்கள். மஞ்சள் எறும்பு புதிதாகப் புகுந்த இடங்களில் இந்தச் சண்டை நடப்பதில்லை. 100 மீட்டர் தள்ளியுள்ள கூட்டிலிருந்து எடுத்து விட்டாலும் மீசையால் தடவிவிட்டுத் தன் வழியே போகும். உடல் வாசனை ஒன்றுபோல இருப்பதால் அந்நியம் என்று படுவதில்லை. அதனால் கூடுகள் ஒன்றோடொன்று இணைந்து, பல ராணிகளோடு ஏக்கர் கணக்கில் ஒரே பெருங்கூட்டமாகிவிடும். எறும்புக்கு எறும்பு செலவழிக்கவேண்டிய சண்டைச் சக்தி முழுவதும் மற்ற உயிர்கள்மேல் திரும்புகிறது. 2022-ல் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மக்கள் அனுபவித்தது இதைத்தான். காட்டை ஒட்டிய மேய்ச்சலுக்குப் போன ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்பட்டதாக அவர்கள் சொன்னது செய்தியானது. கடியாலோ கொட்டாலோ அல்ல, பீய்ச்சும் அமிலத்தால்.

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பின் பெருங்கூட்டம் 1989-ல் கண்டறியப்பட்டது. கோடிக்கணக்கில் செந்நண்டுகள் செத்தன. ஹெலிகாப்டரில் நஞ்சுத்தீனி தூவியும் எறும்பு திரும்பத் திரும்ப வந்தது. பிறகுதான் எறும்பின் சாப்பாட்டைக் கவனித்தார்கள். மரத்தில் இருந்த ஒருவகைச் செதில்பூச்சி சுரக்கும் இனிப்பு நீரில்தான் எறும்பு பெருகியது. அந்தச் செதில்பூச்சியை அழிக்க மலேசியாவிலிருந்து கொண்டுவந்த சிறு குளவியை 2016 டிசம்பரில் விடத் தொடங்கினார்கள். நம் தோப்பிலும் மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி இருக்கும் வரை மஞ்சள் எறும்புக்குப் பந்தி விரித்தே இருக்கும்.

தெளிப்பு மருந்து ஏன் பிரயோசனப்படாது என்பதும் இங்கே புரியும். வெளியே திரியும் எறும்பு கூட்டத்தில் ஒரு பங்குதான். அதைக் கொன்றால் உள்ளே இருக்கும் ராணிகள் முட்டையிட்டு மாதத்தில் ஈடுகட்டிவிடும். நஞ்சு கூட்டுக்குள் போகவேண்டும், எறும்பே தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதற்குத் தீனி அந்த மீசைக்குப் பிடித்த வாசனையில் இருக்கவேண்டும், நஞ்சு மெதுவாக வேலை செய்யவேண்டும். முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு தாளில் வெல்லப்பாகு, தேங்காய் எண்ணெய், நசுக்கிய கருவாடு மூன்றையும் சிறு பொட்டாகத் தள்ளித்தள்ளி வைத்து, வெயில் தாழ்ந்தபின் எறும்புப் பாதையில் விட்டு ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். நெருப்பெறும்பு எண்ணெய்க்கும் விதைக்கும் கூடும். மஞ்சள் எறும்பு இனிப்புக்கும் கருவாட்டுக்கும் வரும். கூட்டில் குஞ்சு அதிகமுள்ள காலத்தில் கருவாட்டுப் பக்கம் சாயும், அதனால் இந்தச் சோதனையை ஒரே தடவையோடு நிறுத்தக் கூடாது.

இனிப்புக்கு வரும் எறும்புக்கு 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் பவுடரும் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கலாம். போரிக் பவுடர் கேரம் பலகையில் போடும் அதே பவுடர்தான். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று அள்ளிப் போட்டால் எறும்பு தீனியைத் தொடாது, தொட்டதும் கூட்டுக்குப் போகும் முன்பே செத்துவிடும். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில், குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வைக்கவேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். திண்ணை, கொட்டகை, நாலைந்து மரத்தடி என்ற அளவுக்கு இது சரி. தோப்பு முழுக்கப் பரவியிருந்தால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் வேளாண் துறையைப் பார்க்கவேண்டும். நாலைந்து எறும்புகளை ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி, காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்தால் இனத்தை உறுதிசெய்ய வழி கிடைக்கும்.

மரத்திலுள்ள முசுறை அப்படியே விடலாம். அது இலை தின்னும் புழுவையும் நாவாய்ப்பூச்சியையும் பிடிக்கும். முந்திரித் தோப்புகளில் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சிக்கு அதுவே காவல். அதன் குறை, அதுவும் மாவுப்பூச்சியை வளர்த்து இனிப்பு நீர் குடிக்கும். பறிப்பு நேரத்தில் ஆளைக் கடிக்கும். மாவுப்பூச்சி அதிகமான கிளையை மட்டும் வெட்டி எரிக்கலாம். பொறிவண்டு விட நினைக்கிற மரத்துக்கு எறும்பு ஏறாமல், அடிமரத்தில் பாலித்தீன் தாளைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவலாம். கிரீஸை நேராகப் பட்டையில் தடவக் கூடாது. தரையைத் தொடும் கிளையைக் கவாத்து செய்யாவிட்டால் கிரீஸ் பட்டை வீண், எறும்பு வேறு படி ஏறிவிடும்.

மஞ்சள் எறும்பு பெரும்பாலும் பறந்து வந்து பரவுவதில்லை. ராணியும் கொஞ்சம் வேலைக்காரிகளும் பிரிந்து நடந்து பக்கத்தில் குடியேறும். தூரத்துக்குப் போவது மனிதன் கையால். நாற்றுப்பை, விறகு, தொழு உரம், செங்கல் வண்டி இவற்றில் ஏறித்தான். அந்தத் தோப்பிலிருந்து பைகளையோ விறகையோ அடுத்த ஊருக்குக் கொடுப்பதை இப்போதைக்கு நிறுத்திவைப்பது நல்லது. வாங்கும்போதும் நாற்றுப்பையின் அடியைத் தட்டிப் பார்த்து வாங்கவேண்டும்.

ஆடுகளைச் சருகு குவிந்த மரத்தடியில் படுக்க விடாமல், கூட்டிப் பெருக்கிய தரையில் அல்லது பரண் கொட்டகையில் கட்டவேண்டும். ஆடு கண்ணை மூடி மூடித் திறந்து நீர் வடித்தால் உடனே சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கண்ணைக் கழுவவேண்டும். எண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் விடக் கூடாது. கழுவிய பிறகு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடவேண்டும். குட்டிகளுக்கு இது இன்னும் அவசரம், அவை எறும்பு மொய்க்கும்போது எழுந்து விலகத் தெரியாமல் படுத்தே கிடக்கும்.